ரவுண்டானாப் பாலம்

கஸ்ர் ஸம்மூர் நகராட்சிக்கு ஒருநாள் எல்லா மக்கள்மீதும் பாசம் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து நிதி வந்ததால்தான் பாசம் வந்தது என்று காப்பிக்கடையில் சிலர் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு வயிற்றெரிச்சல், விடுங்கள். நிதியோடு ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. ஊரிலுள்ள எல்லாத் தரப்பு மக்களும் உள்ளூர் ஆட்சியில் பங்கெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் கிடையாது. அந்த "எல்லாத் தரப்பும்" யார் யார் என்று நகராட்சி மன்றம் காலையிலிருந்து பகல் தொழுகை வரை உட்கார்ந்து யோசித்தது. உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான்கள். ஒரு தரப்புக்கு மேல் யார் கண்ணிலும் தட்டுப்படவில்லை.

கடைசியில் வாசல் காவலாளிதான் காப்பி கொண்டுவந்து வைத்தபடி ஞாபகப்படுத்தினார். "ஏங்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பேர் இருக்காங்களே?"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கறுப்பர்கள், ஒரு காலத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள். தலைமுறை தலைமுறையாக அங்கேதான் இருக்கிறார்கள். ஊர் வாயில் அந்த இடத்துக்கு அடிமைத் தெரு என்று பெயர், நகராட்சிக் காகிதத்தில் அக்கரைக் குடியிருப்பு. கல்யாணம் என்றால் மேளம் அடிக்க அவர்களைக் கூப்பிடுவார்கள். பந்தியில் உட்காரக் கூப்பிட்டதாக யாருக்கும் நினைவில்லை.

"நமக்கு அங்கே யாரைத் தெரியும்?" என்று கேட்டார் நகராட்சித் தலைவர் சி ரவூஃப். சி என்றால் எங்கள் பக்கத்தில் ஐயா.

காவலாளி ஜன்னல் வழியாகக் கைகாட்டினார். "அதோ, எண்ணெய்ச் சட்டி முன்னால நிக்கிறாரே, ஃபரஜ். அவர் அந்தப் பக்கத்து ஆள்தான்."

சி ரவூஃப் எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்து அந்த ஆள் கையால் பொரித்த ஃபிரிக்காசே ரொட்டியைத் தின்று வளர்ந்தவர் அவர். வளர்த்தவர் ஒரு தரப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஃபரஜின் தள்ளுவண்டி நின்ற இடம் ஊரின் பெரிய ரவுண்டானாவை ஒட்டி. ரவுண்டானாவுக்கு ஒரு பக்கம் நகராட்சி, நேர் எதிரே அரசு மருத்துவமனை, நடுவில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு சிமெண்டுக் காப்பி ஜாடி. எங்கள் பக்கத்தில் தலைவராக ஒருவர் இருந்துவிட்டுப் போனார் என்பதற்கு ரவுண்டானாதான் சாட்சி சொல்லும். பக்கத்து ஊர்த் தலைவர் சிமெண்டில் பேரீச்சங்குலை வைத்தார், அதற்கடுத்த ஊர்க்காரர் மான் வைத்தார். மான் பார்வைக்குக் கழுதை மாதிரி இருந்தது, அது வேறு கதை. காப்பி ஜாடி முந்தைய தலைவர் வைத்தது. தான் என்ன வைப்பது என்ற கவலையில் சி ரவூஃப் பதவிக்கு வந்ததிலிருந்து தூங்கவில்லை என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

தலைநகரிலிருந்து பங்கேற்பு ஒருங்கிணைப்பாளராக ஒல்ஃபா என்று ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல பெண், குரலில் தேன். அவள்தான் வண்டிக்கு வந்தாள்.

"அண்ணே, அக்கரைச் சமூகத்தோட குரலா இருக்க உங்களுக்குச் சம்மதமா?"

"முட்டை வெச்சுத் தரவா, மீன் வெச்சுத் தரவாம்மா?"

"சாப்பிட வரலைண்ணே. உங்க ஆளுங்களுக்கு என்ன வேணும்னு நீங்க சொல்லணும். நகராட்சி கேட்கும்."

ஃபரஜ் கரண்டியைக் கீழே வைத்தார். அந்தக் கட்டடத்திலிருந்து வந்து உனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. காரம் கூட வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று அவர்கள் சொன்னதைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

"பாலம்மா," என்றார். "ஆத்து மேல ஒரே ஒரு பாலம்."

"இப்பச் சொல்லக் கூடாதுண்ணே. கூட்டத்துலதான் சொல்லணும். முதல் கூட்டத்துல வேண்டாம், அதுல அறிமுகம் மட்டும்தான்."

பாலம் அவருக்கு எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். ஆறு என்று சொல்கிறோமே தவிர அது வருஷத்தில் பெரும்பாலும் மணலும் சரளையும் பிளாஸ்டிக் பையும்தான். ஆனால் மேற்கே மலையில் மழை பெய்தால் போதும், இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே செம்மண் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு வரும். வந்தால் இரண்டு மூன்று நாள் வடியாது. அக்கரைக்குப் பின்னால் உப்புச் சதுப்பு, வேறு வழி கிடையாது. ஃபரஜின் மனைவி முபாரகாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை மருத்துவமனைக்கு வந்து இரத்தம் சுத்தம் செய்யும் எந்திரத்தோடு கட்டிப்போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். அவள் உள்ளே படுத்திருப்பாள், அவர் வெளியே ரொட்டி பொரிப்பார், முடியும் நேரத்துக்கு உள்ளே போய் நடைக்கூடத்து பெஞ்சில் உட்காருவார். ஒரு முறை தவறினால் மூச்சு வாங்கும். இரண்டாம் முறை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஃபரஜ் அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும், அவளும் அவரிடம் சொல்லவில்லை.

முதல் கூட்டத்தில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தார்கள். கழுத்தில் ஆளுக்கொரு அட்டை மாட்டினார்கள். சி ரவூஃபின் அட்டையில் "தலைவர்", பொறியாளர் அட்டையில் "பொறியாளர்", ஃபரஜின் அட்டையில் "பன்முகத்தன்மை".

"கூச்சம் போகணும்ல, அதனால எல்லாரும் உங்களை ஒரு பழமா நினைச்சுக்கங்க," என்றாள் ஒல்ஃபா. "என்ன பழம்னு சொல்லுங்க."

"நான் மாதுளை," என்றார் சி ரவூஃப் தயங்காமல். "வெளியே ஒரு தோல், உள்ளே ஆயிரம் முத்து." கைதட்டினார்கள். பொறியாளர் தன்னை அத்திப்பழம் என்றார். ஃபரஜின் முறை வந்தது.

"எங்க வீட்டுல பழமே வாங்குறதில்லைம்மா. என் சம்சாரத்துக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

ஒல்ஃபா அதைச் சிவப்புத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். சிவப்பு என்றால் ஆழமான கருத்து.

இடைவேளையில் சி ரவூஃப் வந்து ஃபரஜின் தோளில் கைபோட்டார். "என்ன ஃபரஜ், மேளத்தைக் கொண்டுவரலையா?"

"நான் ரொட்டி பொரிக்கிறவன், சி ரவூஃப். எனக்கு மேளம் அடிக்கத் தெரியாது."

"சும்மா இரு. உங்க ரத்தத்துலயே இருக்கே! அடுத்த தடவை கொண்டு வா."

அட்டையைக் கழற்ற மறந்து அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார் ஃபரஜ். முபாரகா வாசலில் உட்கார்ந்து எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அவளுக்கு அளவு. தாகத்தை அப்படித்தான் ஏமாற்றுவாள்.

"ஏய்யா, கழுத்துல என்ன அது? மாட்டுச் சந்தைக்கா போயிட்டு வர்றே?"

"பன்முகத்தன்மைன்னு எழுதியிருக்கு."

"யாரது?"

"நான்தானாம்."

"இருக்கிற ஒரு மூஞ்சியையே பார்க்கச் சகிக்கலை, இதுல பல மூஞ்சி வேறயா!" என்று சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. வாங்கி முடித்ததும் கேட்டாள்: "பாலத்தைச் சொன்னியா?"

"அடுத்த கூட்டத்துல சொல்லலாமாம்."

"சொல்லும்போது எனக்காகன்னு சொல்லாதே. ஊருக்காகன்னு சொல்லு. எனக்காகன்னா இரக்கப்பட்டுட்டு மறந்துடுவாங்க."

அடுத்த கூட்டம் அக்கரையிலேயே நடப்பதாக ஏற்பாடு. மக்களை அவர்கள் இடத்துக்கே போய்ச் சந்திப்பது என்று திட்டத்தில் இருந்தது. அக்கரைக்காரர்கள் பள்ளிவாசல் முன்னால் பாய் விரித்து, டீ போட்டு, பெண்கள் கடலை வறுத்து வைத்துக் காத்திருந்தார்கள். மலையில் மழை. ஆறு வந்துவிட்டது. நகராட்சியின் வெள்ளை வண்டிகள் எதிர்க்கரையில் வந்து வரிசையாக நின்றன. ஒல்ஃபா ஒலிபெருக்கியை வாயில் வைத்து, "உங்களோட முக்கியமான பிரச்சினை என்ன?" என்று கேட்டாள்.

அக்கரையில் நின்ற அத்தனை பேரும் கைநீட்டி ஆற்றைக் காட்டினார்கள். குழந்தைகள்கூடக் காட்டின.

ஒல்ஃபாவுக்குப் புரிந்தது. ஆனால் கூட்டம் என்றால் இரு தரப்பும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆற்றைக் கடந்து வர வழியில்லாததால், ஆற்றைக் கடக்க வழி வேண்டும் என்பதைப் பேசும் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்துக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அதை நடத்தினார்கள். அக்கரையில் யாரிடமும் சொல்லவில்லை. "அழைப்பு விடுத்தும் அக்கரை மக்கள் ஆர்வம் காட்டவில்லை" என்று முடிவானது. ஆர்வம் இல்லாதவர்களுக்குப் பங்கேற்பின் அவசியத்தைப் பற்றி ஒரு முழுநாள் பயிற்சி கொடுத்தார்கள். ஆட்டிறைச்சியோடு குஸ்குஸ் சாப்பாடு, ஆளுக்கொரு தொப்பி. தொப்பியில் எழுதியிருந்தது: "நான் பேசுகிறேன்." பயிற்சி முடியும்வரை யாரையும் பேசவிடவில்லை.

கோடையில் முடிவெடுக்கும் கூட்டம் வந்தது. நகராட்சி மண்டபம், பின்னால் கொடி, முன்னால் தண்ணீர் பாட்டில்கள், நிதி கொடுத்த அமைப்பிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர். அவருக்கு நம் மொழி தெரியாது, ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சி ரவூஃப் எழுந்தார்.

"சகோதர சகோதரிகளே! எங்க குடும்பத்துக்கும் அக்கரை மக்களுக்கும் உள்ள உறவு நேத்து இன்னிக்கு வந்ததில்லை. இந்த ஃபரஜோட அடையாள அட்டையை வாங்கிப் பாருங்க. பேருக்குப் பின்னால என்ன போட்டிருக்கு? 'பென் ஷாபான் குடும்பத்தாரால் விடுவிக்கப்பட்டவர்'னு போட்டிருக்கு. பென் ஷாபான் யாரு? நாங்க! எங்க கொள்ளுத் தாத்தா இவங்க கொள்ளுத் தாத்தாவை விட்டார். முதல்ல பிடிச்சு வெச்சது யாருன்னு இப்பக் கிளற வேண்டாம், அது வரலாற்று ஆசிரியர்கள் வேலை. விட்டது நாங்க! தலைவரோட குடும்பப் பேரைத் தன் பேரோட சேர்த்துச் சுமக்கிற குடிமகன் வேற எந்த ஊர்ல இருக்கான், சொல்லுங்க? இதுக்கு மேல ஒற்றுமை எதுக்கு?"

மண்டபம் அதிரக் கைதட்டியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஃபரஜும் தட்டினார். இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் எதற்குத் தட்டுகிறோம் என்று உறைத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு அவரைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றார். முபாரகா சொல்லிக்கொடுத்தபடி ஊருக்காக என்றுதான் ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், பிரசவ வலி எடுத்த பெண்கள், தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில், "என் வீட்டுக்காரிக்கும்தான்," என்று முடித்தார். "தண்ணி வர்றதுக்குள்ள ஒரு பாலம் போட்டுக் குடுங்க. பெருசா வேண்டாம். ஆள் நடந்து போற அளவுக்கு இருந்தாப் போதும்."

மண்டபம் உருகிவிட்டது. ஒல்ஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளைக்காரர் கூடத் தலையாட்டுவதை நிறுத்தினார். பாலம் கட்டுவது என்று ஒருமனதாக முடிவானது. ஃபரஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போது பொறியாளர் கனைத்தார்.

"ஒரு சின்ன விஷயம். ஆறு வேளாண்மைத் துறையோடது. ஆத்துக்கு இந்தப் பக்கத்து ரோடு பொதுப்பணித் துறையோடது. அந்தப் பக்கத்து ரோடு, அது ரோடே கிடையாது. பாலம் கட்ட நகராட்சிக்கு முழு அதிகாரம் இருக்கு. ஆனா ஆத்துல கட்ட அதிகாரம் இல்லை."

"அப்ப எங்கேதான் கட்ட அதிகாரம் இருக்கு?" என்றார் சி ரவூஃப்.

"நகராட்சிக்குச் சொந்தமான இடத்துல."

"அப்படி எந்த இடம் காலியா இருக்கு?"

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். வெயிலில் காப்பி ஜாடி நின்றுகொண்டிருந்தது. சி ரவூஃபின் முகத்தில் பல மாதத் தூக்கம் ஒரே நொடியில் வந்து சேர்ந்த நிம்மதி தெரிந்தது.

"சி ரவூஃப்," என்றார் ஃபரஜ் மெதுவாக. "ரவுண்டானாவுல ஆறு இல்லையே."

"அதனாலதான்யா செலவு கம்மி," என்று பொறியாளர் விளக்கினார். "தூணை ஆழமா இறக்க வேண்டாம். வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டாம். இந்த மாகாணத்துலயே பாதுகாப்பான பாலம் இதுவாத்தான் இருக்கும்."

ஒல்ஃபா ஃபரஜைத் தனியே அழைத்துப் போனாள். "வருஷக் கடைசிக்குள்ள செலவழிக்கலைன்னா நிதி திரும்பிப் போயிடும்ணே. இது முதல் கட்டம். ரெண்டாம் கட்டத்துல ஆத்துக்குக் கேட்போம்."

"ரெண்டாம் கட்டம் எப்பம்மா?"

"முதல் கட்டம் வெற்றின்னு காட்டினதுக்கு அப்புறம்."

ஓட்டெடுப்பு நடந்தது. எதிர்ப்பவர்கள் கைதூக்கலாம் என்றார்கள். ஃபரஜ் தூக்கினார். அவர் ஒருவர்தான்.

சி ரவூஃபுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தீங்களா! அக்கரைக்காரர் கைதூக்குறார்! நம்ம மண்டபத்துல! இதுதானய்யா பங்கேற்பு! ஃபரஜ், கையை இறக்காதே, போட்டோக்காரர் வரட்டும்." அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஊர் முழுக்க ஒட்டினார்கள். கீழே எழுதியிருந்தது: "ஒன்றாகத் தீர்மானித்தோம்."

வீட்டில் சொன்னபோது முபாரகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரவுண்டானாவுலயா? அடப் பாவிகளா! அந்த ஜாடி இருந்த இடத்துலயா?" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் படுத்திருக்கிற கட்டிலுக்கு ஜன்னல் வழியா அந்த ஜாடிதான் தெரியும். இனிமே பாலம் தெரியும். போகட்டும், பார்த்துக்கிட்டாவது கிடக்கலாம்."

ஃபரஜ் எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது, அவள் முன்னால் அழக் கூடாது.

இலையுதிர் காலத்தில் வேலை மும்முரமாக நடந்தது. ஜாடியை உடைத்து அள்ளினார்கள். வெள்ளை வளைவு, பச்சைக் கைப்பிடி, இரண்டு பக்கமும் படிக்கட்டு. ஃபரஜ் வண்டியருகே நின்று தினமும் பார்த்தார். நன்றாகத்தான் கட்டினார்கள்.

அந்த வருஷத்தின் பெருமழை மலையில் பெய்தது ஒரு திங்கட்கிழமை. முபாரகாவுக்கு எந்திர நாள் அது. கம்மூஸ் என்கிற பக்கத்து வீட்டுக்காரர் தன் சரக்கு வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். பாதி ஆற்றில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து வண்டி நின்றது. ஆண்கள் கயிறு கட்டி இறங்கி அவளைத் தோளில் போட்டுத் திரும்பக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். புதன்கிழமையும் தண்ணீர் இறங்கவில்லை. அவள் முகமும் காலும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டும், உட்காரவைத்து முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தார் ஃபரஜ்.

மீட்புப் படைக்குப் போன் போட்டார். அந்த ஓட்டத்தைத் தாண்ட அவர்களிடம் வண்டி இல்லை, நகராட்சியின் பெரிய சக்கர டிராக்டரால்தான் முடியும் என்றார்கள். நகராட்சிக்குப் போட்டார். சி ரவூஃபே எடுத்தார்.

"ஃபரஜ்! நானே உனக்குப் போன் போடணும்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. மேளக்காரங்க வந்துடுவாங்கல்ல?"

"சி ரவூஃப், அந்த டிராக்டரை அனுப்புங்க. அவ மூச்சு விடக் கஷ்டப்படுறா. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

"ஐயையோ. டிராக்டர் இப்ப எடுக்க முடியாதேப்பா. நடுவளைவை முட்டுக் கொடுத்து அதுதான் தாங்கிக்கிட்டு நிக்குது. ஊத்தின சிமெண்டு இறுகுறதுக்குள்ள எடுத்தா மொத்தமும் சரிஞ்சுடும். உங்க பாலம்ப்பா அது! உங்க சமூகத்தோட பாலம்! அதை நான் கீழே விழவிட முடியுமா, நீயே சொல்லு?"

ஃபரஜ் போனை வைத்துவிட்டு மறுபடியும் முபாரகாவின் முதுகைத் தாங்கப் போனார்.

வியாழக்கிழமை பகலில் முபாரகா கண்ணைத் திறந்தாள். கதவு வழியாக ஆறு தெரிந்தது. "எவ்வளவு தண்ணி பாருய்யா," என்றாள். "ஒரு டம்ளர் தாயேன். நிறையக் குடு. ஆசையா இருக்கு."

கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நெஞ்சில் நீர் ஏறிவிடும். ஐந்து வருஷமாக அவளுக்கு ஒவ்வொரு வாயையும் அளந்து கொடுத்த மனுஷன் அவர். "சாயங்காலம் தண்ணி வடிஞ்சுடும்னு கம்மூஸ் சொல்றான்," என்றார். "எந்திரத்துல போய்ப் படுத்துட்டு வந்துடு. வந்த உடனே டம்ளர் நிறையத் தர்றேன், நானே குடுக்கிறேன்."

"சரி," என்றாள். சண்டை போடாமல் சரி என்றாள். அப்போதே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மதியத் தொழுகைக்கு அழைப்பு வந்தபோது அவள் அவர் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டாள். சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. அந்த ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்திருக்கலாமே, கொடுத்திருக்கலாமே என்று ஃபரஜ் சுவரில் முட்டிக்கொண்டதை அக்கரையே நின்று பார்த்தது. யார் என்ன சொல்லித் தேற்ற முடியும்?

திறப்பு விழாவைத் தள்ளிவைத்தார்கள். இறந்தவளுக்கு மரியாதையாக என்று நகராட்சி அறிவித்தது. மேளக்காரர்கள் எல்லோரும் துக்க வீட்டில் இருந்தார்கள், அதுவும் ஒரு காரணம்.

துக்கம் கழிந்து ஃபரஜ் வண்டிக்குத் திரும்பினார். வண்டியில் எண்ணெய் காய்ந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும், என்ன செய்வது. ஒல்ஃபா வந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதாள்.

"அக்காவைப் பத்தி அறிக்கையில எழுதியிருக்கேண்ணே."

"என்னன்னும்மா?"

"'திட்டத்தின் அவசியத்தை உணர்த்திய நிகழ்வு'ன்னு." சொன்ன பிறகு அவளுக்கே வாய் கோணியது. சாப்பிடாத ரொட்டிக்குக் காசு வைத்துவிட்டுப் போனாள்.

விழா ஒரு திங்கட்கிழமை நடந்தது. ரவுண்டானாவைச் சுற்றிக் கொடி, நாற்காலி, ஒலிபெருக்கி. பாலம் என்றால் அடியில் ஏதாவது ஓட வேண்டுமே என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது, தரையில் சிமெண்டு பூசி நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பளிங்குப் பலகையில் சி ரவூஃபின் பெயர், நிதி கொடுத்தவர்களின் பெயர், அதன் கீழே "அக்கரைச் சகோதரி ஒருவரின் நினைவாக." அவள் பெயரைப் போட வேண்டுமானால் மன்றத்தில் தனித் தீர்மானம் வேண்டுமாம்.

ஃபரஜ் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் வந்து கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, கழுத்தில் அட்டையை மாட்டி, கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். அவர் மறுக்கவில்லை. மறுக்கிற தெம்பெல்லாம் போய்விட்டது.

"இந்தப் பாலம் ஒரு பதில்!" என்று முழங்கிக்கொண்டிருந்தார் சி ரவூஃப். "நகராட்சி எங்க பேச்சைக் கேட்கலைன்னு இனிமே யாராவது சொல்ல முடியுமா? பாலம் கேட்டாங்க, பாலம் நிக்குது! எங்கே நிக்குதுன்னு குறுக்குக் கேள்வி கேட்கிறவங்க ஒற்றுமைக்கு விரோதிகள்! முதல் அடியை அக்கரைக்காரர்தான் எடுத்து வைக்கணும். போ ஃபரஜ், ஏறு! நடுவுல நின்னு இந்தப் பக்கம் திரும்பிக் கையசைக்கணும், சரியா?"

ரிப்பனை வெட்டினார்கள். மேளம் முழங்கியது. ஃபரஜ் படியில் ஏறினார்.

நல்ல பாலம். கால் வழுக்கவில்லை, ஆடவில்லை, கைப்பிடி உறுதியாக இருந்தது. நடுவில் போட்டோக்காரர் காத்திருந்தார். ஃபரஜ் நிற்கவில்லை, திரும்பவில்லை, கையசைக்கவில்லை. ஒரு கையை மட்டும் பக்கவாட்டில் கொஞ்சம் நீட்டி, யாரையோ பிடித்துக்கொண்டு நடப்பவர்போல மெதுவாக நடந்து, மறுபக்கப் படியில் ஒவ்வொன்றாக இறங்கினார். புல்லைத் தாண்டி, நின்றிருந்த கார்களுக்கு நடுவே புகுந்து, நேரே மருத்துவமனை வாசலுக்குள் போனார்.

சி ரவூஃப் ஒரு கணம் திகைத்தார். அடுத்த கணம் ஒலிபெருக்கியை வாயோடு சேர்த்துப் பிடித்தார். "பார்த்தீங்களா! கடந்துட்டார்! அக்கரைக்காரர் கடந்து போயிட்டார்! பாலம் வேலை செய்யுது!"

கைதட்டல் மருத்துவமனை நடைக்கூடம் வரை கேட்டது. எந்திர அறைக் கதவைத் திறந்துகொண்டு செவிலி நஜீபா வெளியே வந்தாள். ஃபரஜ் வாசல் கால்மிதியில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க ஒன்றும் இல்லை, செருப்பு காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் துடைத்தார்.

"ஃபரஜ் அண்ணே?" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வந்துட்டோம் நஜீபா," என்றார். "இன்னைக்கு நேரத்துக்கு வந்துட்டோம். எந்திரத்தைப் போடும்மா."